சேபன் ஓய்வு: அலபாமாவுக்கு அடுத்த கோச் யார்? (பேச்சு வாஷிங்டன், அரிசோனா வரை வந்துவிட்டது)

நாலாவதுடவுன் | ஜனவரி 10, 2024

அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து கோச் நிக் சேபன் ஓய்வு பெறுகிறார். வதந்தி இல்லை, இஎஸ்பிஎன் உறுதி செய்துவிட்டது. இன்று மாலை அணிக் கூட்டத்தில் வீரர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒன்பது நாளுக்கு முன்புதான் ரோஸ் பவுல் அரையிறுதியில் மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில் 27-20 என்று தோற்றார்கள். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம் என்று அன்று யாருக்கும் தெரியாது. அலபாமாவில் 17 சீசன், ஆறு தேசியப் பட்டம். அதற்கு முன் 2003-இல் எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட்) ஒன்று. மொத்தம் ஏழு.

இப்போது காதில் விழும் பெயர்கள்: ஓரிகனின் டான் லானிங், டெக்சஸின் ஸ்டீவ் சர்கிசியன், ஃபுளோரிடா ஸ்டேட்டின் மைக் நார்வெல், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேலன் டிபோர். கிளெம்சனின் டாபோ ஸ்வின்னி பெயரையும் ஓலே மிஸ்ஸின் லேன் கிஃபின் பெயரையும் சிலர் சொல்கிறார்கள். என் கணிப்பு லானிங். வயது 37, 2015-இல் சேபனிடமே வேலை பார்த்தவர், ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரர்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள்.

மழைநகரம் | ஜனவரி 10, 2024

தயவுசெய்து டிபோர் பெயரை இழுக்காதீர்கள். இரண்டு நாள் முன்புதான் ஹூஸ்டனில் இறுதி ஆட்டத்தில் 34-13 என்று தோற்றோம். சியாட்டிலில் இன்னும் யாரும் அதிலிருந்து மீளவில்லை.

செம்மண் | ஜனவரி 10, 2024

அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில் ஐந்து வருடம் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். யார் வருவார் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். வருகிறவரை அந்த ஊர் எப்படி நடத்தும் என்பதுதான் முதல் கேள்வி.

இது இந்த ஊருக்குப் புதிதில்லை. பழைய கோச் 'பேர்' பிரையன்ட் 1958 முதல் 1982 வரை 25 சீசன் இருந்தார், ஆறு பட்டம் வென்றார். 1982 டிசம்பரில் ஓய்வு, அடுத்த ஜனவரி 26-இல் மரணம். அவர் இடத்துக்கு வந்தவர் ரே பெர்கின்ஸ். வெளியாள் இல்லை, பிரையன்ட்டிடமே ஆடியவர், தொழில்முறை அணியான நியூயார்க் ஜயன்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டு வந்தார். வந்ததும் பிரையன்ட்டின் விஷ்போன் ஆட்டமுறையை மாற்றினார். 1984-இல் 5-6 (ஐந்து வெற்றி, ஆறு தோல்வி). 1957-க்குப் பிறகு அலபாமா பார்த்த முதல் தோல்வி சீசன் அது. நான்கு வருடத்தில் டாம்பா பே தொழில்முறை அணிக்குப் போய்விட்டார்.

அடுத்து பில் கரி. மூன்று வருடத்தில் 26 வெற்றி, 10 தோல்வி. வேறு எந்த ஊரிலும் இதற்குக் கைதட்டியிருப்பார்கள். ஆனால் பரம எதிரியான ஆபர்னிடம் மூன்று முறையும் தோற்றார். 1988-இல் அவருடைய அலுவலக ஜன்னலில் செங்கல் விழுந்தது. கடைசியில் கென்டக்கிக்குப் போனார். அப்புறம் ஜீன் ஸ்டாலிங்ஸ் 1992-இல் பட்டம் வென்றார். பிரையன்ட் போனதிலிருந்து சேபன் வரும் வரை 24 வருடம். அதில் வந்தது அந்த ஒரே பட்டம்.

அதனால்தான் இந்த வேலையைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பயம் வருகிறது. ஆலமரத்தடியில் நடுகிற கன்றுக்கு வெயில் எட்டாது. சேபனுக்கு மைதானத்துக்கு வெளியே சிலையே வைத்துவிட்டார்கள். புதியவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

விசில் | ஜனவரி 11, 2024

நான் சென்னையிலிருந்து விடியற்காலையில் எழுந்து பார்க்கிறவன், இரண்டு வருடமாகத்தான். ஒரு சந்தேகம். எல்லோரும் பைஅவுட், பைஅவுட் என்கிறீர்கள். யார் யாருக்குக் கொடுக்கும் பணம் அது?

கரும்பலகை | ஜனவரி 11, 2024

விசில் தம்பி, அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி.

முதல் வகை: ஒப்பந்தம் முடியும் முன்பே பல்கலைக்கழகம் கோச்சை நீக்கினால், மீதி வருடங்களுக்கான பணத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பு டெக்சஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியதே, அதுதான் இதுவரை நடந்ததிலேயே பெரியது. ஏறக்குறைய 76 மில்லியன் டாலர். அதுவும் முந்தைய நாள் மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று வென்ற பிறகு! 2017-இல் 10 வருடத்துக்கு 75 மில்லியன், முழுக்க உத்தரவாதம் என்று எழுதினார்கள். 2021-இல் அதை இன்னும் நீட்டினார்கள். அன்று போட்ட கையெழுத்துக்குத்தான் இன்று விலை கொடுக்கிறார்கள்.

இரண்டாவது வகை: கோச் தானாக விட்டுப் போனால், போகிற இடம் பழைய இடத்துக்குக் கட்டும் தொகை. லானிங்கைத் தூக்க 20 மில்லியன், டிபோருக்கு 12 மில்லியன் என்கிறார்கள். கிளெம்சன் ஸ்வின்னியின் ஒப்பந்தத்தில் ஒரு தனி விதியே உண்டு: வேறு எங்கு போனாலும் ஒரு தொகை, அலபாமாவுக்குப் போனால் மட்டும் அதைவிட அதிகம். அவர் அலபாமாவில் ஆடியவர், 1992 பட்டம் வென்ற அணியில் இருந்தவர். ஒருநாள் அங்கிருந்து அழைப்பு வரும் என்று கிளெம்சன் முன்பே பயந்திருக்கிறது.

நாம் இங்கே ஊகம் செய்யும்போது விளையாட்டை மட்டும் பார்க்கிறோம். இந்த எண்களையும் பார்த்தால் பாதிப் பெயர்கள் தானாக உதிரும். ஆனால் ஒன்று: 12 மில்லியன் அலபாமாவுக்குப் பெரிய தொகையே இல்லை.

மழைநகரம் | ஜனவரி 11, 2024

கடைசி வரியைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

நாலாவதுடவுன் | ஜனவரி 11, 2024

லானிங் டஸ்கலூசாவில் இறங்கிவிட்டார் என்று காலையிலிருந்து ஒரே பேச்சு. விமான எண்ணைப் போட்டுப் பின்தொடர்ந்தவர்கள் எத்தனை பேர்! கடைசியில் அவரே ஒரு வீடியோ போட்டு, ஓரிகனை விட்டு எங்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டார். என் கணிப்பு தவறு.

செம்மண் | ஜனவரி 11, 2024

மறுப்பை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். 2006 டிசம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் தொழில்முறை அணியில் இருந்த சேபன், அலபாமாவுக்குப் போக மாட்டேன் என்று பத்திரிகையாளர்கள் முன் அழுத்தமாகச் சொன்னார். 2007 ஜனவரி 3-இல் டஸ்கலூசா விமான நிலையத்தில் இறங்கினார். அவருக்கு முன் அழைக்கப்பட்ட ரிச் ரோட்ரிகஸ் மறுத்த பிறகுதான் சேபனிடம் போனார்கள் என்பதும் பலருக்கு மறந்துவிட்டது. இரண்டாவதாகக் கிடைத்தவர்தான் ஆறு பட்டம் கொண்டுவந்தார்.

உறுதி என்று வந்த செய்தியும் தலைகீழாகும். நவம்பரில் ஏ அண்ட் எம் வேலைக்கு கென்டக்கியின் மார்க் ஸ்டூப்ஸ் முடிவாகிவிட்டார் என்று இரவு செய்தி வந்தது. விடிவதற்குள் அவர் கென்டக்கியிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். வேலை டியூக்கிலிருந்து வந்த மைக் எல்கோவுக்குப் போனது.

விசில் | ஜனவரி 11, 2024

நார்வெல் போனால் ஃபுளோரிடா ஸ்டேட் ரசிகர்கள் நிலை என்ன ஆகும்? 13-0 என்று முடித்தும், பட்டத்துக்காக நான்கு அணிகள் மோதும் பிளேஆஃபில் இடம் கொடுக்கவில்லை. அந்த நாலாவது இடத்தில் உட்கார்ந்தது அலபாமா. இப்போது கோச்சையும் அதே அலபாமா எடுத்துக்கொண்டால் அது ரொம்ப அநியாயம்.

கரும்பலகை | ஜனவரி 12, 2024

நார்வெல் போகவில்லை. ஃபுளோரிடா ஸ்டேட் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டுகிறது, வருடத்துக்கு 10 மில்லியனுக்கு மேல் என்கிறார்கள். சர்கிசியனும் டெக்சஸிலேயே இருப்பார் போலிருக்கிறது.

ஒவ்வொரு ஆஃப் சீசனிலும் நடக்கும் இன்னொரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். பெரிய வேலை ஒன்று காலியானால், அந்த வேலைக்குப் போகாதவர்களுக்கும் சம்பளம் ஏறும். சேபன், கிஃபின் உட்படப் பலருக்கு ஏஜென்ட் ஒருவரேதான், ஜிம்மி செக்ஸ்டன். ஒரே ஏஜென்டின் ஆட்கள் இத்தனை பேர் பட்டியலில் இருக்கும்போது, எந்தப் பெயர் உண்மையான பேச்சுவார்த்தை, எந்தப் பெயர் சம்பள உயர்வுக்காக மிதக்கவிட்டது என்று வெளியிலிருந்து பிரிப்பது கஷ்டம். அதனால் நான் பெயர்களைவிட மௌனத்தைப் பார்ப்பேன். நேற்றிலிருந்து எல்லோரும் ஏதாவது சொல்லிவிட்டார்கள். டிபோர் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

மழைநகரம் | ஜனவரி 12, 2024

முடிந்துவிட்டது. டிபோர் போகிறார்.

அலபாமாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் கிரெக் பிர்ன் 72 மணி நேரத்துக்குள் புதிய கோச்சைக் கொண்டுவருவதாக வீரர்களிடம் சொன்னாராம். அவருக்கு இரண்டு நாளே போதுமாக இருந்தது.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெற்கு டகோட்டாவின் மில்பேங்க் என்ற சிறு ஊரிலிருந்து வந்த மனிதர். சூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் 67 வெற்றி, 3 தோல்வி, மூன்று பட்டம். அப்புறம் உதவிப் பயிற்சியாளராக ஊர் ஊராகப் போய், ஃபிரெஸ்னோவில் மறுபடி தலைமைக்கு வந்து, எங்களிடம் வந்தார். 2021-இல் நாங்கள் 4-8. அவர் வந்த இரண்டு வருடத்தில் 25-3. இந்தியானாவில் இருந்தபோது அவரிடம் ஆடிய மைக்கேல் பெனிக்ஸ் அவரை நம்பி சியாட்டில் வந்தார். முழங்காலிலும் தோளிலும் இத்தனை காயம் பட்டும் அந்தப் பையன் இறுதி ஆட்டம் வரை எங்களைக் கொண்டுபோனான்.

இந்த சீசனில் ஓரிகனை இரண்டு முறை வென்றோம். 36-33, 34-31. இரண்டாவது ஆட்டம் முடிந்த இரவு என் பத்து வயது மகள் தூங்கவே இல்லை. நேற்று அவள், அப்பா, அடுத்த வருஷமும் இவர்தானே கோச் என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கள் இரவு இறுதி ஆட்டம். வெள்ளிக்கிழமை கோச் இல்லை. நடுவில் மூன்றே நாள்.

செம்மண் | ஜனவரி 12, 2024

மழைநகரம், உங்கள் வருத்தம் புரிகிறது. எங்களுக்குக் கிடைத்ததில் சந்தோஷப்படுகிறேன், ஆனால் இன்று இங்கே அதைக் கொண்டாடத் தோன்றவில்லை.

ஒரு கவலையும் உண்டு. டிபோர் தெற்கில் வேலை பார்த்ததே இல்லை. ஜார்ஜியா, ஃபுளோரிடா, லூசியானா பள்ளிக்கூடக் கோச்சுகளோடு பழக்கம் இல்லை. ஆட்டத் திட்டம் போடுவதில் அவருக்கு நிகர் குறைவு. ஆனால் தெற்குப் பல்கலைக்கழகங்களின் லீகான எஸ்இசியில் ஜனவரியிலிருந்து ஜூலை வரை வேறு ஒரு விளையாட்டு நடக்கிறது: பள்ளிப் பையன்களின் வீட்டு வரவேற்பறையில் ஆள் சேர்ப்பது. அதில் அவர் எப்படி என்று இனிமேல்தான் தெரியும்.

பாலைவனப்பூனை | ஜனவரி 14, 2024

வணக்கம், நான் டூசானிலிருந்து, அரிசோனா பல்கலைக்கழக அணியின் பக்கம். மூன்று நாளாக இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இதில் பங்கு இல்லை என்று நினைத்தேன். இன்று காலை வந்துவிட்டது. எங்கள் கோச் ஜெட் ஃபிஷ் வாஷிங்டனுக்குப் போகிறார்.

எங்கள் கதை வெளியே அதிகம் தெரியாது, அதனால் எழுதுகிறேன். 2020 டிசம்பரில் பக்கத்து எதிரியான அரிசோனா ஸ்டேட்டிடம் 70-7 என்று தோற்றோம். 2019-இல் தொடங்கிய தோல்வி வரிசை 20 ஆட்டம் வரை போனது. ஃபிஷ்ஷின் முதல் வருடம் 1-11. அந்த ஒரே வெற்றி 2021 நவம்பரில் கலிஃபோர்னியாவுக்கு எதிராக 10-3. அன்று மைதானத்தில் பட்டம் வென்றது போல ஆட்கள் அழுதார்கள். அடுத்த வருடம் 5-7. இந்த வருடம் 10-3, ஆலமோ பவுல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவை வென்றோம். வருகிற சீசனில் பிக் 12 லீகுக்குப் போகிறோம். எல்லாம் கூடி வந்த நேரம்.

இன்னொன்று. அலபாமாவுக்கு டிபோரைக் கொண்டுபோன கிரெக் பிர்ன் முன்பு எங்கள் ஊரில்தான் இயக்குநராக இருந்தார். அவர் போட்ட ஒரு தொலைபேசி அழைப்பு சியாட்டிலைச் சுற்றிக்கொண்டு அவருடைய பழைய ஊரிலேயே வந்து விழுந்திருக்கிறது.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக் நோவா ஃபிஃபிடாவும் அதைப் பிடிக்கும் ரிசீவர் டெடைரோவா மெக்மிலனும் பள்ளியிலிருந்தே ஒன்றாக ஆடுகிறவர்கள். கோச் மாறினால் எங்கள் வீரர்களுக்கு 30 நாள் போர்ட்டல் (கல்லூரி மாறப் பெயர் பதியும் வழி) திறக்கும். அந்த இருவரும் போய்விட்டால் மூன்று வருட உழைப்பு போச்சு.

மழைநகரம் | ஜனவரி 14, 2024

பாலைவனப்பூனை, இதற்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நான் எழுதியதை நீங்கள் இன்று எனக்கு எழுதுகிறீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்பது பொருத்தமா என்றுகூடத் தெரியவில்லை.

விசில் | ஜனவரி 15, 2024

போர்ட்டலைப் பற்றி எனக்கு வேறு கருத்து. 2021 வரைக்கும் ஒரு வீரர் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. கோச் மட்டும் எந்த நாளும் போகலாம், எங்கும் போகலாம், அடுத்த வாரமே வேலை தொடங்கலாம். இப்போது பையன்களுக்கும் ஓரளவு அதே வசதி வந்திருக்கிறது. அதை ஏன் நாம் நோய் போலப் பேச வேண்டும்?

ஜூலியன் சாயின் என்ற பையனைப் பாருங்கள். சேபனை நம்பி டிசம்பரில் கையெழுத்துப் போட்டான். கல்லூரிக்குள் வந்த சில நாளில் சேபன் இல்லை. அவன் வெளியேறினால் அதில் என்ன தவறு?

கரும்பலகை | ஜனவரி 15, 2024

தவறே இல்லை. நான் குறை சொல்வது நாட்காட்டியை. புதிய மாணவர்கள் கையெழுத்துப் போடும் நாள் டிசம்பர் 20. பொதுவான போர்ட்டல் மூடிய நாள் ஜனவரி 2. இறுதி ஆட்டம் ஜனவரி 8. பயிற்சியாளர்கள் மாறுவது அதற்குப் பிறகு. வீரர்கள் முடிவெடுக்க வேண்டிய தேதிகள் முதலில், கோச்சுகள் முடிவெடுக்கும் தேதிகள் கடைசியில். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பாலைவனப்பூனை | ஜனவரி 16, 2024

சான் ஹோசே ஸ்டேட்டிலிருந்து பிரென்ட் பிரென்னன் வருகிறார். 2000-ஆம் ஆண்டில் டிக் டோமி இங்கே கோச்சாக இருந்தபோது அவரிடம் பயிற்சி உதவியாளராக இருந்தவர். ஊரை அறிந்தவர் என்று எல்லோரும் வரவேற்கிறார்கள். நானும்தான்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இரண்டு நாளாக ஃபிஷ் மேல் கோபமாக இருந்தேன். இன்று நாங்கள் அதையே சான் ஹோசேவுக்குச் செய்திருக்கிறோம். அங்கே அவர் ஏழு சீசன் இருந்தவர், 2020-இல் மவுண்டன் வெஸ்ட் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்.

கரும்பலகை | ஜனவரி 16, 2024

இந்த இழை தொடங்கி ஆறு நாள்தான் ஆகிறது. அலபாமா, வாஷிங்டன், அரிசோனா, சான் ஹோசே. நாம் பக்கம் பக்கமாக எழுதியது முதல் இடத்தைப் பற்றி. பணம் அதிகம் இருக்கும் இடமும் அதுதான், காயம் சீக்கிரம் ஆறும் இடமும் அதுதான். கீழே போகப் போக பைஅவுட்டாகக் கைக்கு வரும் தொகையும் சின்னது, தேடக் கிடைக்கும் நேரமும் குறைவு, தேர்ந்தெடுக்க மிஞ்சும் ஆட்களும் குறைவு. சான் ஹோசேவின் புதிய கோச் யார் என்று ஊகிக்க இங்கே எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பார்க்கிறேன்.

நாலாவதுடவுன் | ஜனவரி 22, 2024

யாரும் வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். சான் ஹோசே ஸ்டேட் கென் நியுமாடலோலோவை எடுத்திருக்கிறது. கடற்படை அகாதமியான நேவியில் 109 வெற்றி, அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதிகம். 2022 டிசம்பரில் ஆர்மியிடம் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பிறகு தோற்றதும் நீக்கிவிட்டார்கள். ஒரு வருடம் யுசிஎல்ஏவில் சிறிய பொறுப்பில் இருந்தார். மறுபடி தலைமைக்கு வருகிறார். சங்கிலி இங்கே நின்றது, காரணம் அவர் எந்தக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளராகவும் இல்லை. தலைமை வேலை இல்லாத ஒருவரிடம் போய் முடிந்ததால் யாருக்கும் புதிதாகக் காயம் இல்லை.

பாலைவனப்பூனைக்கு வாழ்த்து. ஃபிஃபிடாவும் மெக்மிலனும் அங்கேயே இருக்கிறார்கள்.

பாலைவனப்பூனை | ஜனவரி 22, 2024

நன்றி நண்பரே. வேறு இடங்களில் எவ்வளவு பணம் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் நம்ப முடியவில்லை. அந்த இரண்டு பையன்களின் பெயரை இந்த ஊர் மறக்காது.

செம்மண் | ஜனவரி 22, 2024

எங்கள் பக்கம் நிலைமை வேறு. முதல் வருடத்திலேயே அணியில் அதிக டாக்கிள் செய்த (எதிராளியை மடக்கி வீழ்த்திய) கேலெப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. சாயினும் அங்கேதான். ஐசையா பாண்ட் டெக்சஸுக்கு. கேடின் புராக்டர் ஐயோவாவுக்கு. வாஷிங்டனிலிருந்து சென்டர் பார்க்கர் பிரெய்ல்ஸ்ஃபோர்டும் ரிசீவர் ஜெர்மி பெர்னார்டும் டிபோரைத் தொடர்ந்து வருகிறார்கள். மழைநகரம், இதை எழுதும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

விசில் | ஜனவரி 25, 2024

மிச்சிகன் கோச் ஹார்பாவும் போய்விட்டார்! தொழில்முறை அணி சார்ஜர்ஸுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேஆஃபில் ஆடிய நான்கு அணிகள்: மிச்சிகன், வாஷிங்டன், அலபாமா, டெக்சஸ். ஜனவரி முடிவதற்குள் மூன்று அணிக்குக் கோச் மாறிவிட்டார். சர்கிசியன் மட்டும்தான் மிச்சம்.

மழைநகரம் | மார்ச் 21, 2024

சின்னச் செய்தி. ஃபிஷ்ஷைக் கூட்டிவந்த எங்கள் இயக்குநர் டிராய் டானன் நெப்ராஸ்காவுக்குப் போகிறார். அக்டோபரில்தான் வந்தார்.

விசில் | டிசம்பர் 1, 2025

பழைய இழையைக் கிளறுகிறேன், மன்னிக்கவும். ஆனால் நேற்று நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஓலே மிஸ் 11-1. பிளேஆஃப் இடம் கிட்டத்தட்ட உறுதி. அந்த அணியை விட்டு லேன் கிஃபின் எல்எஸ்யூவுக்குப் போய்விட்டார். பிளேஆஃப் முடியும் வரை நானே நடத்துகிறேன் என்று கேட்டிருக்கிறார், பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. உதவிப் பயிற்சியாளர் பீட் கோல்டிங் பொறுப்பேற்கிறார்.

செம்மண் | டிசம்பர் 1, 2025

மறுத்தது சரி. எதிரி அணிக்குக் கையெழுத்துப் போட்டவரிடம் உங்கள் வீரர்களின் தொலைபேசி எண்கள், உங்கள் அறைகளின் சாவி இரண்டையும் ஒரு மாதம் விட்டுவைக்க முடியாது. 2010-இல் ஒரே சீசன் முடிந்ததும் டென்னசியை விட்டு யுஎஸ்சிக்குப் போனவர் இவர். அன்று மாணவர்கள் தெருவில் மெத்தையை எரித்தார்கள்.

கரும்பலகை | டிசம்பர் 1, 2025

நான் 2024-இல் எழுதிய நாட்காட்டி விஷயம் இப்போது இன்னும் மோசம். இந்த வருடம் கையெழுத்து நாள் டிசம்பர் 3-க்கு வந்துவிட்டது. எல்எஸ்யூ அதற்குள் கோச் வேண்டும் என்று அவசரப்பட்டது, அதனால் சீசன் முடிவதற்குள்ளேயே ஆளைத் தூக்கவேண்டி வந்தது. அக்டோபரிலேயே பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது, எல்எஸ்யூ பிரையன் கெல்லியை நீக்கியது, இரண்டும் சேர்த்து நூறு மில்லியனைத் தாண்டிய பைஅவுட். ஃபிராங்க்ளினுக்கு வர்ஜீனியா டெக்கில் வேலை கிடைத்ததால் பென் ஸ்டேட்டின் பாரம் வெகுவாகக் குறைந்தது. எல்லாமே கையெழுத்து நாளுக்கு முன் ஓடி முடிக்க வேண்டிய ஓட்டம்.

மழைநகரம் | டிசம்பர் 9, 2025

துலேனின் ஜான் சம்ரால் ஃபுளோரிடாவுக்குப் போக ஒப்புக்கொண்டவர். ஆனாலும் பிளேஆஃப் முடியும் வரை துலேனை நடத்துகிறார். ஜேம்ஸ் மேடிசனின் பாப் செஸ்னி யுசிஎல்ஏவுக்குப் போகிறார், அவரும் அப்படியே. போவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் எப்படிப் போகிறார்கள் என்பதில் மனிதர் தெரிகிறார். டிபோர் குறைந்தது இறுதி ஆட்டம் வரை எங்களோடு இருந்தார் என்று இன்று நன்றியோடு நினைக்கிறேன்.

செம்மண் | ஜனவரி 2, 2026

கோல்டிங்கின் ஓலே மிஸ் ஜார்ஜியாவை 39-34 என்று வென்றுவிட்டது, கோச் போன அணி! எங்களுக்கோ அதே ரோஸ் பவுல், இந்தியானாவிடம் 38-3 தோல்வி.

டிபோரின் முதல் வருடம் 9-4, வாண்டர்பில்ட்டிடம் தோற்றோம். இந்த வருடம் பிளேஆஃபுக்கு வந்தோம், ஓக்லஹோமாவை வென்றோம். இதற்குள் அவரை நீக்கச் சொல்லி ஊரில் குரல் கேட்கிறது. பில் கரி ஜன்னலில் விழுந்த செங்கல்தான் நினைவுக்கு வருகிறது. அவருக்கு இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். அன்று எல்லோரும் விரும்பிய நார்வெல் 2024-இல் 2-10. பெயரை வைத்து யாருக்கு என்ன தெரிந்தது?

நாலாவதுடவுன் | ஜனவரி 20, 2026

நேற்று இரவு இந்தியானா மயாமியை 27-21 என்று வென்று தேசியப் பட்டம் எடுத்துவிட்டது. 16-0. இத்தனை வருடம் தோல்விகளுக்குப் பேர்போன இந்தியானா!

தூக்கம் வராமல் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். கர்ட் சிக்னெட்டி இந்தியானாவுக்கு வந்தது 2023 நவம்பர் 30. நான் இந்த இழையைத் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பு, அதே ஆஃப் சீசன். அப்போது அவருக்கு வயது 62, ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வந்தார். அவர் பெயர் இங்கே ஒரு இடத்தில்கூட இல்லை. நான் எழுதவில்லை, நீங்கள் யாரும் எழுதவில்லை. இந்தியானா என்ற சொல்லே அன்று டிபோர், பெனிக்ஸ் கதையில் மட்டும்தான் வருகிறது.

செம்மண் | ஜனவரி 20, 2026

அவரை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2007-இல் சேபன் டஸ்கலூசாவில் இறங்கியபோது கூடவே வந்தவர்களில் ஒருவர் சிக்னெட்டி. 2010 வரை ரிசீவர்களுக்குக் கோச், ஆள் சேர்ப்புக்குப் பொறுப்பாளர்.

பாலைவனப்பூனை | ஜனவரி 20, 2026

ஜேம்ஸ் மேடிசனை யோசித்துப் பாருங்கள். சிக்னெட்டி போனார், செஸ்னி வந்தார். செஸ்னி பிளேஆஃப் வரை கொண்டுபோனார், அவரும் போய்விட்டார். இப்போது ஃபுளோரிடா நீக்கிய பில்லி நேப்பியர் வருகிறார். இரண்டு வருடத்தில் மூன்றாவது தலைமைப் பயிற்சியாளர். அந்த ஊர் ரசிகர் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.